விஜயதசமிக்கு ஒரு தோட்டா

தொலைபேசி அலறியது.

ரதி எடுக்கவில்லை. இரண்டு கைகளிலும் துருவும் எண்ணெயும்.

அது விடுவதாக இல்லை. நின்று, மூச்சு வாங்கி, மறுபடியும் அலறியது!

எரிச்சலோடு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"ஹலோ… ஆர் கதைக்கிறது?"

யாரோ மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ!"

"துவக்குத் திருத்துற ரதி அக்காவோ?"

ஒரு பெண். இளம் குரல். நடுங்கிய குரல்.

"ஓம். சொல்லுங்கோ."

"உங்கட மேசையில இப்ப ஒரு பழைய துவக்கு இருக்கெல்லோ? கறள் பிடிச்சது… த்ரீ-நொட்-த்ரீ…"

ரதி மேசையைப் பார்த்தாள். அந்தப் பழைய துப்பாக்கி இருந்தது.

"இருக்கு. அதுக்கென்ன?"

"அதைத் திருத்தாதேங்கோ அக்கா! திருத்தினியளெண்டா ஒரு உயிர் போகும்!"

"என்ன விசர்க்கதை இது? ஆற்ற உயிர்? நீங்கள் ஆர்?"

டொக்!

ரதி திரையைப் பார்த்தாள். நம்பர் மறைக்கப்பட்டிருந்தது.

ஸ்காபரோவில் ஒரு பிளாசா. முன்பக்கம் சேலைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டிக் கடை. பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஒரு யூனிட். அதுதான் ரதியின் பட்டறை. உடைந்த துப்பாக்கிகளைத் திருத்துவது அவள் தொழில். எல்லா லைசன்ஸும் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கின. தமிழ்ப் பெண்ணுக்கு இதெல்லாம் ஒரு தொழிலா என்று வாயைப் பிளந்தவர்கள் உண்டு. வேட்டை சீசன் வந்ததும் அவர்களே வரிசையில் வந்து நின்றார்கள். ரதிக்கு வயது நாற்பத்து மூன்று. கையைப் பார்த்தால் அறுபது சொல்லலாம்.

மேசையில் கிடந்த துப்பாக்கி இரண்டாம் உலகப்போர்க் காலத்தது. வோபர்னில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்டில், ஃபர்னஸுக்குப் பின்னால், ஈரத்தில் அறுபது வருஷம் நின்றிருக்கிறது. வீட்டை வாங்கிய ஸ்ரீஸ்கந்தராசா என்ற பெரியவர்தான் கண்டெடுத்தார். பதிய வேண்டிய இடத்தில் பதிந்தார். கடதாசிகள் எல்லாம் சுத்தம். போன கிழமை அதை ஒரு போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

அது இங்கே இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ரதிக்கு. பெரியவருக்கு. ரதியின் கணவன் கிருபனுக்கு.

நாலாவதாக இந்தப் பெண் யார்?

ரதி உடனே பெரியவருக்குப் போன் போட்டாள்.

"அங்கிள், உந்தத் துவக்கு உங்களுக்கு என்னத்துக்கு?"

"என்ன கேள்வி பிள்ளை? சுடத்தான்! பின்னை, கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுக்கவோ?"

"ஆரைச் சுட?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை.

"ஒருத்தன் இருக்கிறான். நாலு வருசமா எனக்கு டிமிக்கி குடுக்கிறான். இந்த முறை அவன் தப்பேலாது. நீர் கெதியாத் திருத்தித் தாரும்!"

டொக்!



அன்று பின்னேரம் கிருபன் தேநீர் குடிக்கப் பட்டறைக்கு வந்தான். வீடு விற்கும் ஏஜென்ட். சலவைச் சட்டை. சென்ட் வாசம். அவனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

கிருபனின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றது. அரை நொடிதான். பிறகு சிரித்தான்.

"ஆரோ பகிடி விடுறாங்கள் ரதி. உதுக்குப் போய்ப் பயப்பிடுறீரே?"

"பகிடி மாதிரித் தெரியேல்லையப்பா. அந்தப் பிள்ளையின்ர குரல் நடுங்கினது."

"பிள்ளையோ? என்ன வயசு மட்டில இருக்கும்?"

"இருபத்தெட்டு, முப்பது… ஏன்?"

"சும்மா கேட்டனான். பொலிசுக்குச் சொன்னீரோ?"

"இன்னும் இல்லை. அங்கிளைப் பற்றி என்னெண்டு சொல்லுறது? அவரின்ர பேப்பரெல்லாம் சரி. ஒரு போன் கோலை வைச்சு ஒரு மனுசனைக் கொலைகாரன் எண்டு சொல்லேலுமே?"

"அதுதானே! நீர் உம்மட வேலையைப் பாரும். உம்மளவுக்கு இதை ஆரால திருத்தேலும்?"

பாராட்டு! கிருபன் வாயிலிருந்து! ரதிக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

வேலையைப் பார்த்தாள்.

அவள் ஒரு முடிவு எடுத்திருந்தாள். துப்பாக்கியைத் திருத்துவாள். ஆனால் பெரியவர் யாரைச் சுடப் போகிறார் என்று தெரியாமல் கையில் கொடுக்க மாட்டாள். திருத்தாமலே விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். தொழில்காரருக்கு அந்தப் புத்தி வராது! பாதியில் நிற்கிற வேலை அவர்களைத் தூங்க விடாது.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட் அசையவில்லை. துரு அதைக் கவ்விப் பிடித்திருந்தது. மூன்று நாள் எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கெஞ்சினாள். நாலாம் நாள் 'கடக்' என்றது. ரதி தனியாக நின்று கை தட்டினாள். இரும்புப் பாகங்களைக் கழற்றி, கல்யாண வீட்டுக்குச் சோறு வடிக்கிற அளவு பெரிய பானையில் போட்டு அவித்தாள். சிவந்த துரு கறுத்து வந்தது. அதை மெல்லிய கம்பி நூலால் தேய்த்தாள். குழலுக்குள் ஒரு கிழமை முழுக்கத் தூரிகை ஓடியது. சோங்கு என்று சொல்கிற அந்த மரப் பின்பகுதி பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. சுரண்டி எடுத்து, ஆளிவிதை எண்ணெய் பூசிப் பூசிக் காய வைத்தாள்.

ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றது.

உயிர் பெற்றது ஓர் உயிரை எடுக்கவா? அந்த நினைப்பு மட்டும் அவளை விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் கிருபன் கேட்டான்.

"எப்ப முடியும்?"

"முடிஞ்சமாதிரித்தான். ஆயுத பூசைக்கு வைச்சிட்டு, விஜயதசமி அண்டு இதாலதான் முதல் வெடி. அங்கிளுக்கு இன்னும் சொல்லேல்லை. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."

"வழமை மாதிரி நீர்தானே சுடுவீர்?"

"பின்னை? என்ர பட்டறை, என்ர பூசை. நான்தானே தொடங்கோணும்!"

இந்த இடத்தில் ரதியின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். மற்ற நாட்களில் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் ஒரு தோட்டாவைக்கூடப் போட மாட்டாள். மூன்று தரம் பார்ப்பாள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் கடைசியாகத் திருத்தியதைத்தான் ஆயுத பூசைக்கு வைப்பாள்; அந்தத் துப்பாக்கியை முதல் நாளே பார்த்து முடித்துவிடுவாள். சந்தனப் பொட்டு வைத்த பிறகு அதைத் துடைப்பதில்லை. கிளறுவதில்லை. மறுநாள் காலை சரஸ்வதி படத்தின் முன்னாலிருந்து நேரே துப்பாக்கி சுடுகிற ரேஞ்சுக்குப் போகும். பொட்டோடு ஒரு வெடி. அதுதான் அந்த வருஷத்தின் நல்ல தொடக்கம்.

தொழில் தெரிந்த எவரும் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். ரதியும் மற்றவர்கள் செய்தால் அடித்துக்கொள்வாள். தன் பூசை என்று வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆயுத பூசை.

பட்டறை மேசையில் சிவப்புப் பட்டு. சரஸ்வதி படம். அவல், கடலை, வடை. அரம், உளி, திருகாணி முடுக்கி எல்லாவற்றுக்கும் நடுவில், கறுப்பாய் மின்னிக்கொண்டு, அந்தத் துப்பாக்கி. தேய்த்த மரத்தில் விளக்கின் வெளிச்சம் வழுக்கியது.

பெரியவர் ஸ்ரீஸ்கந்தராசா மனைவி குணவதியோடு வந்திருந்தார். கிருபன் பம்பரமாய்ச் சுழன்றான். பூ கட்டினான். சந்தனம் குழைத்தான். "நீர் இரும், களைச்சுப் போனீர்" என்று ரதியைக் கதிரையில் உட்கார வைத்தான்.

பெரியவர் துப்பாக்கியைத் தடவித் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது.

"பிள்ளை, உமக்குக் கை இல்லை. மந்திரம்! இனி அவன் செத்தான்!"

குணவதி ரதியை ஓரமாக இழுத்தார்.

"இவர் ஒரு மாதிரித்தான் இருக்கிறார் பிள்ளை. நித்திரையிலயும் 'விடமாட்டன்டா' எண்டு கத்துறார். எனக்கே பயமா இருக்கு."

"ஆரை அன்ரி?"

"கேட்டா 'உனக்குச் சொன்னா விளங்காது' எண்டுறார்!"

பெரியவர் திரும்பிப் பார்த்தார். குணவதி வாயை மூடிக்கொண்டார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். கிருபன் வீடு காட்ட அஜக்ஸ் போவதாகச் சொல்லிவிட்டுக் காரை எடுத்தான். ரதி தனியாக வடைத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தொலைபேசி!

"அக்கா…" அதே குரல். இந்தத் தடவை விம்மல். "நான் சொல்லச் சொல்ல நீங்கள் திருத்திப்போட்டியள்!"

"தங்கச்சி, போனை வைச்சிடாதே. அங்கிள் ஆரைச் சுடப்போறார்? அதை மட்டும் சொல்லு!"

"எந்த அங்கிள்? எனக்கு ஒரு அங்கிளையும் தெரியாது! நாளைக்கு விஜயதசமிக்கு நீங்கள் உந்தத் துவக்கால வெடி வைக்கக்கூடாது. அவ்வளவுதான்!"

"ஏன்?"

"அதால சுடப்படுற ஆளுக்கு ஒண்டும் வராது அக்கா… சுடுற ஆளுக்குத்தான் சாவு!"

ரதியின் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது.

"சுடுறது நான்தானே…"

"அதைத்தான் அக்கா சொல்லுறன்!"

டொக்!

ரதி அசையாமல் நின்றாள். இரண்டு கிழமையாக யாரோ ஒருவருடைய உயிருக்காகப் பயந்துகொண்டிருந்தாள். அந்த யாரோ, அவளேதான்! பயம் என்றால் என்ன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

மெல்ல மேசைக்கு வந்தாள். சரஸ்வதியைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கொள் அம்மா."

பதினைந்து வருஷப் பழக்கத்தை உடைத்தாள். துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். குழலின் ஒரு முனையில் சின்ன டோர்ச்சைப் பிடித்தாள். மறு முனையில் கண்ணை வைத்தாள்.

என்ன பார்த்தாள்? சற்றுப் பொறுங்கள். அவளே சொல்லுவாள்.

விஜயதசமி. காலை பத்து மணி.

அஜக்ஸுக்கு வடக்கே ஒரு ரேஞ்ச். சுற்றிவர மேப்பிள் மரங்கள். குளிர் காற்று. நாலே பேர். ரதி, கிருபன், பெரியவர், செம்மஞ்சள் வெஸ்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு ரேஞ்சைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இளம் பெண்.

துப்பாக்கியில் சந்தனப் பொட்டு அப்படியே இருந்தது.

"சுடும் பிள்ளை!" பெரியவருக்குப் பொறுமை இல்லை. "ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீர்?"

"நீங்களே சுடுங்கோவன் அங்கிள். உங்கட துவக்குத்தானே?"

"ஐயோ வேண்டாம்! தோள்மூட்டு ஒப்பரேசன் செய்து ரெண்டு மாசம் ஆகேல்லை. நீர்தான் சுடோணும்!"

ரதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தோட்டாவைப் போட்டாள். போல்ட்டைத் தள்ளினாள். 'கடக்'.

கிருபன் நாலு அடி பின்னால் நகர்ந்தான்.

பிறகு இன்னும் இரண்டு அடி.

ரதி துப்பாக்கியை உயர்த்தினாள்… இறக்கினாள்… திரும்பினாள்.

"இஞ்சருங்கோ. இந்த வருசம் நீங்கள் தொடங்குங்கோ."

"நானோ?" கிருபன் சிரிக்கப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும்? எனக்கு லைசன்சும் இல்லை!"

"லைசன்ஸ் உள்ள ஆள் பக்கத்தில நிண்டா நீங்கள் சுடலாம். நான் நிக்கிறன். பிடியுங்கோ!"

துப்பாக்கி அவன் கையில் திணிக்கப்பட்டது.

"தோளில சோங்கை வையுங்கோ. கன்னத்தை மரத்தில வையுங்கோ. விசையை இழுங்கோ."

"வேண்டாம் ரதி."

"ஏன்?"

"வேண்டாம் எண்டா விடுமன்!"

"ஒரு வெடிதானே! பூசையில வைச்சது. சரஸ்வதி பாத்துக்கொள்ளுவா. கன்னத்தை வையுங்கோ!"

குளிரில் கிருபனுக்கு வியர்த்தது! நெற்றியிலிருந்து ஒரு சொட்டு மூக்கு நுனிக்கு வந்தது.

"ஏலாது!"

"ஏன் ஏலாது?"

"வெடிச்சுச் சிதறும்! முகம் போயிடும்!"

ரதி ஓர் அடி முன்னால் வந்தாள்.

ரதி மிக மெதுவாகக் கேட்டாள்.

"நல்லாத் திருத்தின துவக்கு. ஏன் வெடிச்சுச் சிதறும்? உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கிருபன் மூக்கு நுனியைப் புறங்கையால் துடைத்தான்.

"நான் சொல்லட்டோ? நேற்று குழலுக்குள்ள டோர்ச் அடிச்சனான். மற்றப் பக்கம் வெளிச்சம் வரேல்லை. ஒரு விரல் நீளத்துக்குச் சந்தனம்! அடைச்சு, இறுக்கி, கல்லு மாதிரி! நான் சுட்டிருந்தா குழல் பிளந்து என்ர தலையில பாதி போயிருக்கும். சனம் என்ன சொல்லும்? 'பக்தி கூடிப்போய்ப் பூசைச் சந்தனத்தைக் குழலுக்குள்ள விட்டிட்டாள், பாவம்.' செத்தவீட்டில நீங்களும் அதைச் சொல்லி அழுதிருப்பியள்!"

"என்ன?!" பெரியவர் அலறினார். "ஐயோ கடவுளே, என்ர துவக்குக்குள்ளயோ?"

"நீங்கள் உங்கட ஆளைச் சுடுற அவசரத்தில இருந்தியள் அங்கிள். ஆர் அது?"

"ஆளோ? மான் பிள்ளை! பன்னிரண்டு கொப்புக் கொம்பு! நாலு வருசமா எனக்கு முன்னால நிண்டு முழுசிப்போட்டுப் போறான்!"

ரதிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கண்கள் கிருபனை விட்டு அகலவில்லை. அவனோடு சாப்பிட்டு, சண்டை பிடித்து, காய்ச்சலில் அவன் நெற்றியில் ஈரத்துணி போட்டு வாழ்ந்த வருஷங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

"நிலாணி ஆரப்பா?"

கிருபன் துள்ளினான்.

"அந்தப் பிள்ளைதான் எனக்குப் போன் பண்ணினது. உங்களைக் கலியாணம் கட்ட ஆசைதானாம். ஆனா என்ர பிரேதத்தைத் தாண்டி வரப் பயமாம். உங்களைவிட அவள் எவ்வளவோ திறம்!"

"நாசம் கட்டினவள்…" கிருபன் பல்லைக் கடித்தான். பார்வை கையிலிருந்த துப்பாக்கிக்குப் போனது. "அப்ப குழலுக்குள்ள இருந்தது…?"

"எடுத்திட்டன். நேற்றே துடைச்சு வைச்சிட்டன். பொட்டு மட்டும் புதுசா வைச்சனான்."

சொன்ன பிறகுதான் பெரியவருக்கு உறைத்தது.

துப்பாக்கி சுத்தம். தோட்டா உள்ளே. பிடித்திருப்பவன் கிருபன்!

"பிள்ளை! விலகு!"

கிருபன் திரும்பினான். குழல் ரதியின் நெஞ்சுக்கு நேரே நின்றது. இரண்டு அடி தூரம். ரேஞ்சில் நடந்த விபத்து. ஒன்றும் தெரியாத கணவன். கை வழுக்கிவிட்டது. அந்த ஒரு நொடியில் முழுக் கதையையும் மனதுக்குள் எழுதி முடித்துவிட்டான்!

"உன்னைத் தொலைச்சாத்தானடி எனக்கு நிம்மதி!"

விசையை இழுத்தான்.

டிக்.

அவ்வளவுதான்.

வெறி பிடித்தவனாய்ப் போல்ட்டை இழுத்தான். தள்ளினான். மறுபடி இழுத்தான் விசையை.

டிக்.

ரதி கோட்டுப் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அரிசி அளவு இரும்பு.

"தோட்டாவின்ர பின்பக்கத்தில குத்துற ஊசியின்ர நுனி. நேற்று வெட்டி எடுத்தனான். ரெண்டு கிழமை பாடுபட்டுத் திருத்தினதை என்ர கையாலயே கெடுத்தன். உதுதான் எனக்குப் பெரிய கவலை!"

"டிராப் இட்!"

கத்தியது செம்மஞ்சள் வெஸ்ட் பெண். கறுப்புக் கண்ணாடி தலைக்கு ஏறியிருந்தது. கையில் ஒரு கைத்துப்பாக்கி. மரங்களுக்குள்ளிருந்து இன்னும் இரண்டு சீருடைகள் ஓடி வந்தன.

கிருபன் துப்பாக்கியைக் கீழே விட்டான்.

"டிடெக்டிவ் தீப்தி," என்றாள் அவள், விலங்கை எடுத்தபடி. சென்னைத் தமிழ். "நேத்து சாயங்காலமே அக்கா சந்தனத்தைப் பையில போட்டுக் கொடுத்துட்டாங்க. அந்த போன் காலை ட்ரேஸ் பண்ணி ராத்திரியே நிலாணியைக் கண்டுபிடிச்சுட்டோம். எல்லாம் சொல்லிட்டா. டிவோர்ஸ்னா பாதிதான் உங்களுக்கு, ஆக்ஸிடென்ட்னா முழுசும். அப்படித்தானே மிஸ்டர் கிருபன்?"

கிருபன் இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டினான்.

அவனைக் காரில் ஏற்றினார்கள். கதவு சாத்துகிற வரை ரதி நிமிர்ந்து நின்றாள். கார் திரும்பிய பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மஃப்ளரைக் கழற்றி அவள் தோளில் போட்டார்.

தீப்தி கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வந்தாள். குறிப்புப் புத்தகம் கையில்.

"ஒரே ஒரு டவுட் அக்கா. பூஜையில அந்தத் துப்பாக்கிகிட்ட இருந்தது மூணு பேர். நிலாணி யாருன்னு தெரியறதுக்கு முன்னாடியே, 'என் புருஷன்தான்'னு போன்ல அடிச்சுச் சொன்னீங்களே. எப்படி?"

ரதி கண்ணைத் துடைத்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"பதினெட்டு வருசமாச் குடிச்ச கோப்பையைக்கூட எடுத்து சிங்கில வைக்காத மனுசன் தங்கச்சி… நேற்று நான் கேக்காமலே சந்தனம் குழைச்சுத் தந்தவர். உதுக்கு மேல என்ன எவிடன்ஸ் வேணும்?"